ஊர் குரூப்பில் நன்றி சொல்வது எப்படி?

எங்கள் பாம்பன் பக்கம் நேரில் யாரும் 'நன்றி' என்று சொல்லிக்கொள்வதில்லை. வலை இழுக்கக் கைகொடுத்தவருக்குக் குழம்புக்கு நாலு மீனை அள்ளிக் கொடுத்தால் கணக்கு முடிந்தது. வாட்ஸ்அப்பில் மீனைக் கொடுக்க முடியாதே! அதனால் குரூப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு இது.

முதலில், எதற்கு நன்றி என்று பாருங்கள். 'துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியாச்சு, தென்கடல் போகாதீங்க' என்று ஒருவர் போடுகிறார். உடனே நாற்பது பேர் 'நன்றி அண்ணே' போட்டால், தாமதமாகப் போனை எடுப்பவருக்கு நன்றிதான் தெரியும்; கூண்டு எங்கோ மேலே போயிருக்கும். இதற்கெல்லாம் எழுதவே வேண்டாம். அந்தச் செய்தியை அழுத்திப் பிடியுங்கள். சின்னச் சின்னப் படங்கள் வரும், கைகூப்பும் படத்தைத் தொடுங்கள். 2022இல் வந்த வசதி இது. செய்தி போட்டவருக்கு மட்டும்தான் தெரிவிக்கும். விடிய விடியக் கடலில் கிடந்து வந்து தூங்குகிறவர் போன் கத்தாது.

உங்களுக்கென்று ஒருவர் மெனக்கெட்டிருந்தால் படம் போதாது. அவர் செய்தியை வலப்பக்கம் இழுத்துவிட்டு எழுதுங்கள். யாருக்குச் சொல்கிறீர்கள் என்பது தெரியும். 'நன்றி' என்ற சொல் வராவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லுங்கள்: 'காக்கா, நீங்க சொன்ன மெக்கானிக் வந்தார், இன்ஜின் ஓடுது.' கீழக்கரையில் அண்ணனைத்தான் 'காக்கா' என்பார்கள்; அவர் அதற்கு மேல் எதிர்பார்க்க மாட்டார். சொந்த மச்சானுக்கு 'மிக்க நன்றி' எழுதினால் கோபமா என்றுதான் கேட்பான்.

அடுத்ததில் நான் நன்றாகச் சறுக்கியிருக்கிறேன். அத்தைக்கு அறுவைச் சிகிச்சை. ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்று என் நம்பரோடு போட்டேன், கீழே 'நன்றி' என்றும் எழுதினேன். கேட்கும்போதே நன்றி சொல்லிவிட்டதாலோ என்னவோ, ரத்தம் கிடைத்த பிறகு வாயே திறக்கவில்லை. செய்தி தொண்டி வரை சுற்றியது. மூன்று வாரம் கழித்தும் போன் வந்தது. ஒருவர் பஸ் ஏறிய பிறகுதான் கேட்டார். குரூப்பில் அழித்துவிடலாமா என்று பார்த்தேன். மற்றவர்கள் ஃபார்வர்டு செய்த பிரதி அழியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே, ரத்தம் கேட்கும்போதே தேதி போடுங்கள். கிடைத்ததும் அதே செய்தியை இழுத்து, 'ரத்தம் கிடைத்துவிட்டது, இனி யாரும் வர வேண்டாம், அனுப்பிய இடத்தில் எல்லாம் சொல்லிவிடுங்கள்' என்று எழுதுங்கள். ஃபார்வர்டு செய்தவர்களுக்கும் அதுதான் உண்மையான நன்றி.

பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்லுங்கள். தொகையைக் குரூப்பில் போட்டால், கொடுக்க முடியாதவர் குறுகிப்போவார்.

அப்புறம், அத்தைக்கு ரத்தம் கொடுத்த தம்பிக்கு ஒரு பை நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பினோம். அதைக் குரூப்பில் போடவில்லை.