"சுத்தமானது, தரமானது" என்று எழுதினால் போதுமா? விற்பனைக் கோணம் தேடுவதில் நேரும் தவறுகள்

மரச்செக்கு எண்ணெய் விற்பவர்களின் வாட்ஸ்அப் விளம்பரங்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். "100% சுத்தமானது, பாரம்பரிய முறை, ரசாயனம் கலக்காதது." கடைப் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. எண்ணெயில் குறை இருக்காது. அதை எந்தப் பக்கமிருந்து காட்டுவது என்று மட்டும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்தைத்தான் கோணம் என்கிறோம்.

பெரிய தவறு, பெருமையைச் சொல்லிவிட்டு அதற்குப் பின்னாலிருக்கும் வேலையைச் சொல்லாமல் விடுவது. நூறாண்டுக்கும் முன்பு அமெரிக்காவில் பீர் கம்பெனிகள் எல்லாம் "தூய்மை" என்ற ஒரே சொல்லைத்தான் பெரிய பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தன. ஷ்லிட்ஸ் கம்பெனிக்கு விளம்பரம் எழுத வந்த கிளாட் ஹாப்கின்ஸ், முதலில் ஆலையைச் சுற்றிப் பார்த்தார். வடிகட்டிய காற்று மட்டும் நுழையும் கண்ணாடி அறைகள், ஆழ்துளைக் கிணற்று நீர், திரும்பத் திரும்பக் கழுவப்படும் பாட்டில்கள். இதையெல்லாம் ஏன் சொல்வதில்லை என்று கேட்டதற்கு, "எல்லா ஆலையிலும் இப்படித்தானே" என்று பதில் வந்தது. ஹாப்கின்ஸ் தான் பார்த்த அந்த வேலைகளையே விளம்பரமாக எழுதினார். ஐந்தாம் இடத்திலிருந்த ஷ்லிட்ஸ் சில மாதங்களிலேயே முதலிடத்தை எட்டிப்பிடித்ததாக அவரே பின்னர் பதிவு செய்திருக்கிறார்.

செக்குக்காரரிடமும் இப்படிச் சொல்லாத சங்கதிகள் நிறைய உண்டு. எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது, எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவிடுவது, ஒரு லிட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் எள் பிடிப்பது. அவருக்கு இது அன்றாட வேலை, வாங்குபவருக்கோ புதுச் செய்தி. அந்த எள் கணக்கு ஒன்றே "ஏன் இவ்வளவு விலை?" என்ற கேள்விக்கும் பதிலாகிவிடுகிறது.

அடுத்தது, விலை மலிவையே கோணமாக்குவது. 2008 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் டாடா நானோ அறிமுகமானபோது "ஒரு லட்ச ரூபாய் கார்" என்பதுதான் பேச்சு. ஸ்கூட்டரில் மழையில் நனைந்தபடி போகும் ஒரு குடும்பத்தைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு அந்த யோசனையே வந்தது. பிள்ளைகள் நனையாமல், பத்திரமாக வீடு சேரலாம்: இதைவிட நல்ல கோணம் வேறென்ன வேண்டும்? ஆனால் ஊரில் நிலைத்தது "உலகின் மலிவான கார்" என்ற பெயர்தான். கார் வாங்குவது நம் ஊரில் கௌரவம். மலிவானது என்று தெரு முழுக்கத் தெரிந்த ஒன்றை வாசலில் நிறுத்த யாருக்கு மனம் வரும்? அப்படி முன்னிறுத்தியது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார். மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நானோ தொழிற்சாலை அமையாமல் போனது போன்ற வேறு காரணங்களும் இருந்தன. என்றாலும் அந்தப் பெயர் செய்த சேதம் சிறியதல்ல.

வாடிக்கையாளர் கேள்விகளைத் தொந்தரவாக நினைப்பதும் தவறுதான். "வடை சுடும்போது நுரைக்கிறதே, கலப்படமா?" என்று வாரத்துக்குப் பத்துப் பேர் போனில் கேட்டால், அதுதான் உங்கள் தலைப்பு. சுத்திகரிக்காத கடலை எண்ணெய் ஏன் நுரைக்கிறது என்று விளக்கி எழுதுங்கள், அவர்கள் கேட்ட அதே வார்த்தைகளில்.

இல்லாததைச் சொல்லவே வேண்டாம். நீரிழிவைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்துவிட்டது.

கிடைத்த கோணங்களை எல்லாம் ஒரே விளம்பரத்தில் திணிக்கவும் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் எண்ணெய்க் குளியலை வைத்து ஒன்று எழுதுங்கள். எள் கணக்கை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாங்காய் சீசன் வந்ததும் ஊறுகாய் போடுகிறவர்களிடம் பேசலாம்.