மோனோரயில் பீமின் கீழ் ஃபிளேஞ்ச்: தகைவைக் கணக்கிடுவது எப்படி?

ஹாய்ஸ்ட் என்னும் சுமைதூக்கி தொங்கி ஓடும் மோனோரயில் பீமுக்குச் சுமையை நீளத்தால் பெருக்கி நான்கால் வகுத்து, 'தாங்கும்' என்று எழுதிவிடுகிறார்கள். அது பாதிக் கணக்குதான். ஹாய்ஸ்டைத் தாங்கும் டிராலியின் சக்கரங்கள், 'I' வடிவ பீமின் கீழ்ப் படுக்கைத் தகடான கீழ் ஃபிளேஞ்சின் மேல் அமர்ந்து, அதன் இரு ஓரங்களையும் கீழே மடக்கப் பார்க்கின்றன. அதனால் வரும் தகைவையும் (ஓரலகுப் பரப்பில் எழும் விசை) சேர்க்க வேண்டும். ஐரோப்பிய எஃகுக் கட்டுமான விதித்தொகுப்பான யூரோகோட் 3, பகுதி 6 தரும் முறையில் ஓர் எடுத்துக்காட்டு போடுவோம்.

பீம் ஐ.பி.இ. 300 (ஐரோப்பிய அளவு, 300 மி.மீ. உயரம்). ஃபிளேஞ்ச் அகலம் 150 மி.மீ., தடிமன் 10.7 மி.மீ., வெப் (நடுவில் நிற்கும் தகடு) தடிமன் 7.1 மி.மீ. இரு முனையும் தாங்கிய 4 மீட்டர் நீளம். சரக்கு, ஹாய்ஸ்டின் எடை, தூக்கும்போது வரும் அதிர்வு எல்லாம் சேர்த்து 24 கிலோநியூட்டன். நான்கு சக்கரங்களும் சமமாகப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 6.

படி 1: முழு பீமின் வளைவு. 24 × 4 ÷ 4 = 24 கிலோநியூட்டன் மீட்டர். பீமின் சொந்த எடைக்கு 0.84 கூட்டி, வெட்டுமுக மாடுலஸ் (வளைவை எதிர்க்கும் அளவு) 557 கன செ.மீ.யால் வகுத்தால் 44.6 மெகாபாஸ்கல்.

படி 2: சக்கரம் நிற்கும் இடம். சக்கரத்தின் மையக்கோட்டிலிருந்து ஃபிளேஞ்சின் ஓரம் வரை 15 மி.மீ. என்று கொள்வோம். சக்கரத்தின் இடத்தைக் காட்டும் விகிதம் மியூ = 2 × 15 ÷ (150 − 7.1) = 0.21.

படி 3: சக்கரத்துக்கு நேர்கீழே கெழுக்கள் (தகைவைக் கணக்கிடப் பெருக்கும் எண்கள்). 'எக்ஸ்ப்' என்பது கால்குலேட்டரில் உள்ள அடுக்குக்குறிச் சார்பு.
நீளவாக்கு: 2.230 − 1.490 × மியூ + 1.390 × எக்ஸ்ப்(−18.33 × மியூ) = 1.947
குறுக்குவாக்கு: 10.108 − 7.408 × மியூ − 10.108 × எக்ஸ்ப்(−1.364 × மியூ) = 0.962

படி 4: தகைவு. கெழு × சக்கரச் சுமை ÷ தடிமனின் வர்க்கம். 6000 ÷ 114.5 = 52.4. ஆகவே நீளவாக்கில் 102, குறுக்குவாக்கில் 50.4 மெகாபாஸ்கல். நீளவாக்கில் மட்டுமே முதல் படியில் வந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

வகுப்பது தடிமனின் வர்க்கம் என்பதைக் கவனியுங்கள். பழைய பீமில் சக்கரம் ஓடிய தடம் பளபளவென்று தேய்ந்திருந்தால், அட்டவணையை நம்பாமல் வெர்னியரால் அந்தத் தடத்திலேயே அளக்க வேண்டும். தடிமன் 10 சதவீதம் குறைந்தால் இந்தத் தகைவு 23 சதவீதம் ஏறும்.

படி 5: சேர்த்துப் பார்த்தல். அடிப்பரப்பில் நீளவாக்கு 44.6 + 102 = 146.6, குறுக்குவாக்கு 50.4. இரு திசைத் தகைவுகளையும் ஒரே மதிப்பாக்கும் வான் மீசஸ் முறையில் சேர்த்தால் 129. எஃகின் இளகு தகைவு (அது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) 250 என்றால், ஏறக்குறைய பாதி.

வெப்பும் ஃபிளேஞ்சும் சேரும் மூலையையும் விடக்கூடாது. அங்கே குறுக்குவாக்குக் கெழு −1.665, அதாவது அடிப்பரப்பில் 87 மெகாபாஸ்கல் அமுக்கம். நீளவாக்கிலோ முதல் படியின் 44.6-ஐயும் சேர்த்து 55 இழுவிசை. குறிகள் எதிரெதிர் என்பதால் வான் மீசஸ் மதிப்பு 125 வரை போய்விடுகிறது. குறியை மறந்து போட்டால் 76தான் வரும். ஆபத்தான பிழை இதுதான்.

இந்தக் கெழுக்கள் சமதடிமன் ஃபிளேஞ்சுக்கு மட்டுமே. நம் ஊரில் புழங்கும் ஐ.எஸ்.எம்.பி. (இந்தியத் தரநிலை நடுத்தர எடை) பீமின் ஃபிளேஞ்ச் உட்பக்கம் சரிந்தது. அதற்குத் தனிக் கெழுக்கள் உண்டு. முன்பின் சக்கரங்களின் இடைவெளி ஃபிளேஞ்ச் அகலத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறைந்தால் இரண்டின் தகைவையும் கூட்டிவிடுங்கள். பீமின் திறந்த முனையில் தகைவு இன்னும் கூடும். டிராலி அதுவரை போகுமானால் அங்கே ஃபிளேஞ்சுக்கு வலுவூட்டும் தகடு பற்றவைப்பது நல்லது.