மாவட்ட மனநலத் திட்டத்திடம் கணக்கு கேட்பது எப்படி

மனநல மாத்திரை கிடைக்கவில்லை என்று கிராம சபையில் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. மாத்திரை வாங்கித் தரவோ மனநல மருத்துவரை நியமிக்கவோ ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை, அந்த மனு எங்கும் போகாது. சபையில் தீர்மானமாகப் போட்டால் பதிவாக இருக்கும், அவ்வளவுதான். ஆகவே முதல் வேலை, எதற்கு யார் பொறுப்பு என்று பிரித்துக்கொள்வது.

மாவட்ட மனநலத் திட்டம் என்பது மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் மனநல சிகிச்சை தரும் அரசுத் திட்டம். தமிழ்நாட்டில் அதற்கான பணம் தேசிய நலவாழ்வுக் குழுமம் வழியாக வருகிறது. மாவட்ட அளவில் அதைக் கையாளுவது மாவட்ட நலவாழ்வுச் சங்கம்; அதன் தலைவர் கலெக்டர். தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் நலப்பணிகள் இணை இயக்குநரின் கீழ் வரும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாவட்ட சுகாதார அலுவலர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டீன். மாத்திரை வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். "டாக்டர் வரவில்லை", "மாத்திரை இல்லை", "பணம் செலவாகவில்லை" மூன்றும் மூன்று அலுவலகம். ஒரே மனுவில் மூன்றையும் எழுதினால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

சட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29 அன்று. அதன் 18ஆவது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசுப் பணத்தில் நடக்கும் இடங்களில் மனநல சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. அடிப்படைச் சேவைகள் மாவட்டத்திலேயே இல்லை என்றால், அந்த மாவட்டத்தில் வேறு இடத்தில் எடுக்கும் சிகிச்சைச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. 18(10) இன்னும் குறிப்பானது: அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை சமுதாய சுகாதார மையமும் அதற்கு மேலும் உள்ள அரசு நிலையங்களில் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். "எப்போதும்" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் சமுதாய சுகாதார மையம் என்ற போர்டைத் தேடாதீர்கள். மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்கள்தான் அந்தக் கணக்கில் வருகின்றன. சாதாரண ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேல் 18(10)ஐ வைத்துப் புகார் கொடுத்தால் நிற்காது.

அடுத்தது ஆதாரம். மருந்தகத்தில் "ஸ்டாக் இல்லை" என்றால், சீட்டிலேயே அப்படி எழுதித் தேதி போட்டுத் தரச் சொல்லுங்கள். பலர் எழுதித் தரமாட்டார்கள். அப்போது எந்த மாத்திரை, எத்தனை கேட்டோம், எத்தனை கொடுத்தார்கள் என்று அன்றே குறித்துவையுங்கள். வெளியே வாங்கிய பில்லும் சீட்டும் சேர்ந்தால்தான் சாட்சி.

பிறகு தகவல் உரிமைச் சட்டம், 2005. மனுவில் ₹10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. "ஏன் மருந்து இல்லை?" என்று எழுதாதீர்கள். காரணம் கேட்டால், அது தகவல் அல்ல என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இருக்கிற ஆவணத்தின் நகலைக் கேட்க வேண்டும். மருத்துவமனைப் பொதுத் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதலாம்:

"ஏப்ரல் முதல் ஜூன் வரை, கீழ்க்கண்ட மருந்துகளுக்கான இருப்புப் பதிவேட்டுப் பக்கங்களின் நகல்: ரிஸ்பெரிடோன் 2 மி.கி., ஓலன்சபின் 5 மி.கி., டிரைஹெக்ஸிபெனிடில் 2 மி.கி., லித்தியம் 300 மி.கி. அதே மாதங்களில் மருத்துவப் பணிகள் கழகக் கிடங்கில் இவற்றை எடுத்ததற்கான பாஸ்புக் பக்கங்களின் நகல். மனநலப் புறநோயாளிகளின் நாள்வாரி எண்ணிக்கை, பெயர்கள் இல்லாமல். அதே மாதங்களில் செய்த லித்தியம் ரத்தப் பரிசோதனைகளின் எண்ணிக்கை."

பெயர்கள் வேண்டாம் என்று நீங்களே எழுதிவிடுவது முக்கியம். இல்லையென்றால் நோயாளியின் அந்தரங்கம் என்று மொத்த மனுவையும் தள்ளுபடி செய்ய வழி கொடுக்கிறீர்கள். கடைசிக் கேள்வியும் சும்மா இல்லை. லித்தியம் ரத்தத்தில் கூடினால் நஞ்சு. மாத்திரை கொடுத்துவிட்டுப் பரிசோதனையே இல்லை என்றால் அது மருந்துத் தட்டுப்பாட்டைவிட மோசம்.

மாவட்ட நலவாழ்வுச் சங்கத்துக்குத் தனி மனு. மனநலத் திட்டத்துக்கு வந்த தொகையும் செலவும் தலைப்புவாரியாக, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களும் காலியிடங்களும் எந்தத் தேதியிலிருந்து காலி என்பதும், மனநல மருத்துவரின் மாதாந்திரப் பயணத் திட்டம், வாகன லாக் புக். சங்கக் கூட்டங்களில் இத்திட்டம் பேசப்பட்டிருந்தால் நடவடிக்கைக் குறிப்பின் நகலையும் கேளுங்கள். பணியிடம் என்றால் மருத்துவர் மட்டும் அல்ல. உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், செவிலியர் எல்லாம் இந்தத் திட்டத்தின் குழுவில் உண்டு.

பதில் வந்தபின் தாள்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. பயணத் திட்டத்தில் இரண்டாம் செவ்வாய் தாலுகா மருத்துவமனை என்று இருக்கும். அன்று லாக் புக்கில் வண்டி ஓடியதா? அன்று புறநோயாளி எண்ணிக்கை பூஜ்யமா? மருந்துக்கும் இப்படித்தான். ஒரு மருத்துவமனையில் 120 பேர் ரிஸ்பெரிடோன் ஒரு நாளைக்கு இரண்டு சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 7,200 மாத்திரை வேண்டும். பாஸ்புக்கில் எடுத்தது 3,000 என்றால் பன்னிரண்டு நாளைக்குத்தான் வரும். மருத்துவமனை கேட்டே வாங்கவில்லையா, கிடங்கிலேயே இல்லையா என்பது பாஸ்புக்கிலும் மருத்துவமனை கிடங்குக்கு அனுப்பிய கோரிக்கைப் பட்டியலிலும் தெரிந்துவிடும். புகார் யார்மேல் என்பதும் அதில்தான் முடிவாகும்.

30 நாளில் பதில் வர வேண்டும். தப்பான அலுவலகத்துக்குப் போயிருந்தால் 5 நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். பதில் இல்லை அல்லது அரைகுறை என்றால் 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. தாமதத்துக்கு நாளொன்றுக்கு ₹250, அதிகபட்சம் ₹25,000 வரை அலுவலர்மேல் அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. "தொகுத்துத் தர ஆள் இல்லை" என்று பதில் வந்தால் வாதாடாதீர்கள். பதிவேட்டை நேரில் பார்வையிட மனு போடுங்கள். முதல் ஒரு மணி நேரம் கட்டணம் இல்லை. ஒரு மணி நேரத்தில் மூன்று மாதப் பதிவேட்டைப் படம் எடுக்க முடியாது, அதனால் எந்தப் பக்கம் வேண்டும் என்று முன்பே குறித்துக்கொண்டு போங்கள்.

புகார் படிப்படியாக ஏற வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி முதலில் மருத்துவமனைப் பொறுப்பு மருத்துவருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியம், அதற்கும் மேல் மாநில மனநல ஆணையம். உங்கள் மாவட்டம் எந்த வாரியத்தின் கீழ் என்பதை ஆணையத்திடமே கேட்டுக்கொள்ளலாம். வாரியத்தில் மனு போடக் கட்டணம் இல்லை. ஆனால் வேறு யாராவது ஒருவர் தானாகப் போட முடியாது: நோயாளி, அவருடைய நியமனப் பிரதிநிதி (தன் சார்பில் செயல்பட அவர் நியமித்தவர்), அல்லது அவர் சம்மதத்துடன் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம். பல மனுக்கள் விழுவது இந்த இடத்தில்தான். சம்மதக் கடிதத்தை முதல் பக்கத்திலேயே வையுங்கள். மருத்துவமனையில் சேர்ப்பது தொடர்பான அவசர மனுக்களுக்குக் குறைந்த கெடு உண்டு. மற்றவற்றை 90 நாளில் முடிக்க வேண்டும்.

வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் அதே சட்டத்தின் 27ஆவது பிரிவு இலவசச் சட்ட உதவி தருகிறது, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். வாரியத்தின் முடிவு பாதகமாக வந்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். முடிவின் தேதியிலிருந்து அந்தக் கணக்கு ஓடுகிறது, தபாலில் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல.