இன்ட்ராடெர்மல் ஊசி: கொப்புளம் எழும்பாததற்குக் காரணம் பெருவிரல்

நர்சிங் மாணவிகளுக்கு இன்ட்ராடெர்மல் ஊசி (தோலுக்குள்ளேயே மருந்து நிற்கும்படி போடுவது; சரியாகப் போட்டால் சின்னக் கொப்புளம் எழும்பும்) சொல்லிக்கொடுக்கும்போது ஒரே தொல்லை. 0.1 மி.லி. சலைன் உள்ளே போகிறது, கொப்புளம் மட்டும் எழும்பவில்லை. சிலருக்கு ஊசி குத்திய துளை வழியாகவே கசிந்தது.

26 கேஜ் ஊசிக்குப் பதில் அதைவிட மெல்லிய 27 போட்டோம், பலனில்லை. தோலை இன்னும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன், கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்த பிறகு குத்தியும் அதே கதை.

குனிந்து, கண்ணை முன்கையின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பார்த்தபோதுதான் பிடிபட்டது. தசையில் போடும் பழக்கத்தில் பெருவிரலை சிரிஞ்சுக்கு அடியில் கொடுத்துப் பிடிக்கிறார்கள். அந்த விரலின் தடிமனே சிரிஞ்சைத் தூக்கி, கோணத்தை 15 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்விடுகிறது. நுனி தோலைத் தாண்டிக் கொழுப்புக்குள் இறங்கிவிடும்.

விரல்களை சிரிஞ்சின் இரு பக்கமும் வைத்தால் அது தோலோடு ஒட்டிப் படுக்கும். ஊசியின் சாய்ந்த வாய் மேல்நோக்கி இருக்கட்டும். அது முழுதும் உள்ளே மறைந்ததும் நிறுத்துங்கள். கொஞ்சம் வெளியே நின்றாலும் கசியும். பிஸ்டனைத் தள்ளும்போது எதிர்ப்பு தெரியவேண்டும், வழுக்கிக்கொண்டு போனால் ஆழமாகிவிட்டது என்று அர்த்தம்.

அப்பாடா, இப்போது 6 முதல் 10 மி.மீ. அளவில் வெளிறிய கொப்புளம் ஒழுங்காக எழும்புகிறது. ஊசியை எடுத்ததும் பஞ்சால் தேய்க்காதீர்கள்.