காம்பிங் காரில் ஐரோப்பா: எரிவாயுவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குப் பிரான்சில் உறவு உண்டு. என் தம்பியும் அங்கேதான் குடியிருக்கிறான். இங்கிருந்து விடுமுறைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு காம்பிங் காரில் இரண்டு மூன்று நாடுகள் சுற்றிவருவது பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. (படுக்கையும் அடுப்பும் உள்ள மோட்டார் ஹோம் வண்டியை அங்கே காம்பிங் கார் என்பார்கள்.) பொடி, ஊறுகாய் முதற்கொண்டு பார்த்துப் பார்த்து எடுத்துவைப்பவர்கள், எரிவாயுவை மட்டும் “போய் வாங்கிக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக்கு 14.2 கிலோ சிலிண்டர், அதற்கு ஒரே மாதிரி ரெகுலேட்டர் என்று பழகிய நமக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் ஐரோப்பாவில் எல்லை தாண்டினால் சிலிண்டரின் வாய் மாறும், மரை மாறும். பிரான்சின் உள்ளூர்ச் சிலிண்டரை ஜெர்மனிக் கடையில் கொடுத்து மாற்ற முடியாது. இருபது ஆண்டுகளுக்கு மேல் புதுச்சேரியில் அடுப்பு, எரிவாயு இணைப்பு வேலை பார்த்தவன் என்ற முறையில், புதிதாகக் கிளம்புகிறவர்களுக்காக இதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: வண்டியின் அழுத்தம் என்ன?

சிலிண்டரைப் பற்றி யோசிப்பதற்கு முன், அடுப்பிலும் சிலிண்டர் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். இப்போதைய வண்டிகளில் 30 மில்லிபார் என்று இருக்கும். பழைய ஜெர்மன் வண்டிகளில் 50 இருக்கலாம். ரெகுலேட்டரில் பொறித்துள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் வீட்டு ரெகுலேட்டரும் ஏறக்குறைய 30 மில்லிபார்தான் தருகிறது. ஆனால் அது அந்த ஊர்ச் சிலிண்டர்களில் உட்காராது. பயணப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: எவ்வளவு செலவாகும்?

2 கிலோவாட் பர்னரை முழுதாகத் திறந்தால் மணிக்கு ஏறக்குறைய 150 கிராம் எரியும். காலையில் இட்லி, மதியம் சோறு, சாம்பார், இடையில் காப்பி என்று நாளுக்கு இரண்டு மணி நேரம் எரித்தால் 300 கிராம். அறையைச் சூடாக்கும் ஹீட்டர்தான் பெரிய வாய். 4 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் ஒரே மணி நேரத்தில் 300 கிராமைத் தின்றுவிடும். ஆகவே கோடையில் போகிறீர்களா, குளிரில் போகிறீர்களா என்பதே முதல் கேள்வி.

மூன்றாம் படி: பியூட்டேனா, புரொப்பேனா?

இவை இரண்டும் சிலிண்டரில் திரவமாக அடைத்து விற்கும் எரிவாயு வகைகள். ஓர் அக்டோபர் மாதம் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் தங்கியிருந்தோம். விடியற்காலையில் பால் காய்ச்சப் பர்னரைத் திறந்தேன். தீ மணி மணியாக நீலப் புள்ளிகளாகச் சுருங்கி அணைந்துவிட்டது. சிலிண்டர் தீர்ந்தது என்றான் தம்பி. தூக்கிப் பார்த்தேன், பாதிக்கு மேல் கனம் இருந்தது. அசைத்தால் உள்ளே திரவம் தளும்பியது. உள்ளே இருந்தது பியூட்டேன். பூஜ்யம் டிகிரியை ஒட்டி அது ஆவியாவதே நின்றுவிடுகிறது. ஆவி இல்லாமல் தீ ஏது? புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். புதுச்சேரி வெயிலில் காலம் கழித்த எனக்கு இது புத்தகத்தில் படித்த செய்தியாகத்தான் இருந்தது. அன்று கையால் தெரிந்துகொண்டேன்.

கோடையில் தெற்கு நாடுகளுக்குப் பியூட்டேன் போதும். மலை, இலையுதிர் காலம், வடக்கு என்றால் புரொப்பேனைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள். நம் கல்யாண மண்டபங்களில் அடுப்பு வேகம் குறைந்தால் சிலிண்டரைப் படுக்க வைப்பார்கள். அதை அங்கே மட்டுமல்ல, எங்கேயும் செய்யாதீர்கள். ஆவிக்குப் பதில் திரவம் குழாய்க்குள் வந்துவிடும்.

நான்காம் படி: எந்தச் சிலிண்டர்?

ஒரே நாட்டில் சுற்றுகிறீர்கள் என்றால் அந்த நாட்டுச் சிலிண்டர்தான் மலிவு. பிரான்சில் 13 கிலோ சிலிண்டருக்கு முன்பணம் வாங்குவார்கள். அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள், திருப்பித் தரும்போது கேட்பார்கள். ஜெர்மனியில் 11 கிலோ சாம்பல் நிறச் சிலிண்டரை ஒருமுறை சொந்தமாக வாங்கிவிட்டால், அந்த நாட்டுக்குள் கடைக்குக் கடை மாற்றிக்கொள்ளலாம்.

கோடையில் இரண்டு மூன்று வாரம், மூன்று நான்கு நாடுகள் என்றால் காம்பிங்காஸ் நிறுவனத்தின் நீல நிற 907 சிலிண்டரை வாங்குங்கள். அதில் 2.75 கிலோ பியூட்டேன். மேலே போட்ட சமையல் கணக்குப்படி ஒன்பது நாள் வரும். பல ஐரோப்பிய நாடுகளில் மாற்றிக்கொள்ளலாம். கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் விலை அதிகம்தான், ஆனால் அலைச்சல் இல்லை.

மாதக்கணக்கில் சுற்றுகிறவர்கள், குளிரில் போகிறவர்கள் வண்டியிலேயே பொருத்திய மறுநிரப்புச் சிலிண்டருக்குப் பணம் போடுவதுதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து. கார்களுக்கு எரிவாயு நிரப்பும் பங்கிலேயே நிரப்பிக்கொள்ளலாம். அதில் 80 சதவீதத்தில் தானாக நிற்கும் வால்வு இருக்கிறது. மீதி இடம் வெயிலில் திரவம் விரிவதற்கு. கடையில் மாற்றும் சாதாரணச் சிலிண்டரில் இந்த வால்வு கிடையாது. அதைப் பங்கில் நிரப்ப முயல்வது உயிரோடு விளையாடுவது.

பங்கின் முனைகளும் நாட்டுக்கு நாடு வேறு. பிரான்சு, இத்தாலிக்கு ஒன்று, ஜெர்மனிக்கு ஒன்று, இங்கிலாந்துக்கு ஒன்று, ஸ்பெயினுக்கு ஒன்று என நான்கு வகை அடாப்டர்கள் உண்டு. போகும் நாடுகளுக்கு உரியவற்றை முன்பே வாங்கிவிடுங்கள். பங்கின் பலகையில் இந்த எரிவாயுவின் பெயர் பிரான்சில் ஜி.பி.எல். என்றும், ஸ்பெயினில் ஜி.எல்.பி. என்றும் எழுதியிருக்கும். இங்கிலாந்துக்குக் கடலடிச் சுரங்கம் வழியாகப் போனால் சிலிண்டர் எடைக்கு வரம்பு இருக்கிறது. பயணச்சீட்டு எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பொருத்துவது

பல சிலிண்டர்களுக்கு இடது மரை. தண்ணீர்க் குழாயைத் திருகும் பழக்கத்தில் திருகினால் இறுகாது, எதிர்ப்பக்கம் திருகுங்கள். ரப்பர் குழாயில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள், கெடு கடந்திருந்தால் புதிது போடுங்கள். சிலிண்டர் பெட்டியின் அடியில் ஒரு துளை இருக்கும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அந்த வழியாகத்தான் வெளியேறும். செருப்பையோ பையையோ வைத்து அதை அடைத்துவிடாதீர்கள்.

கடைசியாகச் சோப்பு நுரை. எல்லாப் பர்னரையும் மூடிவிட்டுச் சிலிண்டர் வால்வைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷால் தடவுங்கள். ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். ஒரு குமிழி எழுந்தாலும் வால்வை மூடி, கழற்றி, வாஷரைப் பார்த்துவிட்டு மறுபடி பொருத்துங்கள். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.