பேயைப் பார்ப்பவர் யார்? மர்மச் சித்திரக்கதையை வாசிக்கும் முறை

தொண்ணூறுகளில் வன்னிக்கு மண்ணெண்ணெய் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சிறிதளவு எண்ணெய் விட்டு எரித்த விளக்கின் வெளிச்சத்தில்தான் எனது முதலாவது பேய்ச் சித்திரக்கதையை வாசித்தேன். அட்டையும் முன்பக்கங்கள் சிலவும் இல்லாத புத்தகம் அது. சுடர் அசையும்போதெல்லாம் படத்திலிருந்த கறுப்பு எங்கே முடிகிறது, அறையின் இருட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியவில்லை. ஓவியர் அந்தக் கறுப்பை வேண்டுமென்றே அங்கே வைத்திருக்கிறார் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே எனக்கு விளங்கியது. இவ்வகைக் கதைகளை எப்படி இரசிப்பது என்று கேட்கும் கிளிநொச்சி இளையவர்களுக்கு நான் சொல்லிவரும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதல் தடவை எங்கும் நிற்காமல் வாசித்து முடித்துவிட வேண்டும். பயம் வந்தால் வரட்டும். இரண்டாம் வாசிப்புக்கு ஒரு பென்சிலும் ஒரு கொப்பியும் போதும்.

நடந்தது பேயின் வேலையா, ஆளின் வேலையா என்ற ஐயத்தில்தான் அமானுஷ்ய மர்மக் கதை உயிர் வாழ்கிறது. 1970இல் பிரான்சில் வெளியான தமது ஆய்வில் இலக்கிய ஆய்வாளர் ஸ்வெட்டான் தொதொரோவ் இந்தத் தயக்கத்தையே இவ்வகை எழுத்தின் அடிப்படையாகக் கொண்டார். எழுத்தில் மட்டும் கதை சொல்பவர் ‘ஏதோ ஒன்று அசைந்தது’ என்று எழுதிவிட்டுத் தப்பிக்கொள்ளலாம். ஓவியருக்கோ அந்த வசதி இல்லை, அசைந்ததை அவர் வரைந்தே ஆகவேண்டும். அப்படியிருந்தும் ஐயத்தை அவர் எவ்வாறு காப்பாற்றுகிறார் என்பதையே நாம் தேட வேண்டும்.

தேடும் வழி எளிது. பேயோ நிழலோ தோன்றும் ஒவ்வொரு கட்டத்தையும் குறித்துக்கொண்டு, அதே கட்டத்தில் வேறு யார் நிற்கிறார், அவரது கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, நாம் யாருடைய தோளுக்கு மேலாகப் பார்க்கிறோம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மனிதக் கண்ணாவது பார்த்துக்கொண்டிருக்கும் கட்டங்களில் மட்டுமே பேய் வருகிறதென்றால், அது அந்த மனிதரின் பிரமையாகவும் இருக்கலாம். ஓவியர் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. யாருமில்லாத கூடத்தில் அது தனியே நிற்பதாக ஒரு கட்டம் வந்துவிட்டால், அது ஓவியர் செய்யும் சத்தியம். நல்ல கதைகளில் அந்தச் சத்தியம் மிகவும் பிந்தியே வரும், சில கதைகளில் வருவதேயில்லை. மூன்றாம் பக்கத்திலேயே அதைச் செய்துவிடுகிற கதை வெறும் பேய்க்கதையாகிவிடும் என்பது என் கருத்து. இதை மறுக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு.

இத்தாலியில் டிசியானோ ஸ்க்லாவி 1986இல் தொடங்கிய டைலன் டாக் என்ற சித்திரக்கதை வரிசை இதற்கு நல்ல பயிற்சிக்களம். அவற்றுட் சில சிவகாசியிலிருந்து தமிழிலும் வெளிவந்துள்ளன. முன்பு ஸ்கொட்லாந்து யார்ட் எனப்படும் இலண்டன் காவல்துறையில் பணியாற்றிய நாயகன் இலண்டனில் துப்பறிவாளனாக இருக்கிறான். அவனது வீட்டு அழைப்புமணி அலறல் எழுப்பும். பேயைக் கண்டதாகச் சொல்லி வருபவர்களை அவன் உடனே நம்பிவிடுவதுமில்லை, விரட்டிவிடுவதுமில்லை. இவ்வரிசையின் பக்கங்கள் பெரும்பாலும் மூன்று வரிசைகளில் ஆறு கட்டங்கள் என்ற அளவிலேயே அமைந்திருப்பதால், கண் அந்த நடைக்குப் பழகிவிடுகிறது. பழகிய பிறகு ஒரு கட்டம் திடீரென்று இரண்டு கட்டங்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது, அதில் பயங்கரமாக எதுவும் இல்லாவிட்டாலும் நெஞ்சு ஒருகணம் நின்றுபோகிறது. இவ்வரிசை மூலத்தில் கறுப்பு வெள்ளைக்கென்றே வரையப்பட்டது. வர்ணம் தீட்டிய பதிப்புக் கையில் கிடைத்தால், நிறத்தை மறந்து கோட்டை மட்டும் பார்க்க முயலுங்கள்.

கறுப்பைப் படிப்பதற்கு அமெரிக்க ஓவியர் மைக் மிக்னோலாவின் ஹெல்பாய் கதைகளை எடுத்துக்கொள்ளலாம். அவர் நிழலைப் படிப்படியாக மங்கவிடுவதில்லை. கத்தியால் வெட்டியதுபோல் ஒரு முகத்தின் பாதி ஒளியிலும் மறுபாதி முழுக் கறுப்பிலும் கிடக்கும். உரையாடலுக்கு நடுவே, கதைக்குத் தொடர்பில்லாததுபோல் ஒரு சிலையின் முகம், ஒரு காகம் என்று சிறிய மௌனக் கட்டங்களையும் செருகுவார். அவசரக்காரர்கள் இவற்றைத் தாண்டிவிடுவார்கள். அந்த இடம் எத்தனை நாள் பழையது, யாரெல்லாம் அங்கே மௌனமாகக் காத்திருக்கிறார்கள் என்பதை அவைதாம் சொல்கின்றன. வசனக் குமிழ்களை விரலால் மறைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால், இது எவருக்கும் தெரியும்.

பக்கம் திருப்பும் இடத்தையும் கவனியுங்கள். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒருவர் எதையோ கண்டு வாய் பிளந்து நிற்பார். அவர் கண்டது, தாளைத் திருப்பியதும் வரும் இடப்பக்கத்தில் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் வாசகரின் கையில் இருக்கிறது. கைப்பேசியில் கட்டம் கட்டமாகத் தள்ளி வாசிப்பவர்கள் இந்த ஒன்றை இழந்துவிடுகிறார்கள். முடிந்தவரை அச்சுப் பிரதியையே தேடிப் பிடியுங்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலை ஒட்டி, முல்லைத்தீவுக் கடலில் எடுத்த உப்புநீரில் விளக்கெரிக்கும் வழக்கத்தை நாமெல்லோரும் அறிவோம். அதை நான்கு கட்டங்களில் வரையுமாறு இளையவர்களிடம் கேட்பதுண்டு. நம்பிக்கையைச் சோதிப்பது என் எண்ணமில்லை. எதைக் காட்டுவது, எதை விடுவது என்று ஓவியர் படும் பாடு அவர்களுக்கும் தெரியட்டும் என்பதற்காகவே கேட்கிறேன். பெரும்பாலானோர் நான்காம் கட்டத்தில் பெரிய சுடர் ஒன்றை வரைந்து, சுற்றிலும் கூப்பிய கைகளை வரைவார்கள். சென்ற முறை ஒரு பிள்ளை கடலையும் குடத்தையும் திரியையும் வரைந்துவிட்டு, நான்காம் கட்டத்தில் சுடரே இல்லாமல், சட்டியின் உள்விளிம்பில் காய்ந்துபோன வெள்ளை உப்புக்கோட்டை மட்டும் வரைந்திருந்தாள். இதை யார் பார்க்கிறார் என்று கேட்டேன்.

“விடியக் கூட்ட வாற ஆச்சி” என்றாள்.