வடசென்னையில் களஆய்வா? மனுவுக்குப் பின்னால் போங்க

மானிடவியல் படிக்கிறவர்கள் எண்ணூர், காசிமேடு, வியாசர்பாடி பக்கம் வந்து "குடியுரிமை என்றால் உங்களுக்கு என்ன?" என்று கேட்பார்கள். முதல் வாரம் நானும் அதைத்தான் கேட்டேன். "ஓட்டு அட்டை வேணுமா தம்பி?" என்று எழுந்து உள்ளே போன அம்மா, ஒரு மஞ்சப்பையோடு திரும்பி வந்தார்.

அந்தப் பையில் ரேஷன் கார்டு, முதல்வர் காப்பீட்டு அட்டை, வருமானச் சான்றின் மூன்று ஜெராக்ஸ், ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓபி சீட்டு, நாலாக மடித்த ஒரு மனு. பொதுக் கேள்வி எதுவும் வேண்டாம், ஒவ்வொரு தாளாக எடுத்து, இதை வாங்க எங்கே போனீங்க, கூட யார் வந்தாங்க, எத்தனை நடை, எவ்வளவு செலவு என்று மட்டும் கேளுங்கள். காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று வேண்டும், அதை வாங்க எந்தக் கட்சிக்காரரைப் பிடித்தார்கள் என்பது பேச்சில் தானாக வந்துவிடும், நீங்கள் அரசியல் என்ற வார்த்தையையே எடுக்க வேண்டாம்.

அப்புறம் ஒரே ஒரு மனுவைத் தேர்ந்தெடுத்து அதன் கூடவே அலையுங்கள். குழாயில் சாக்கடை வாடை என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர் வாரியத்தின் புகார் எண் 1916-க்குப் போன், கவுன்சிலர் வீடு, மண்டல அலுவலகம், மறுபடி கவுன்சிலர் வீடு. மாநகராட்சியின் 200 வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கியவை, ஆனால் மனுவைக் கைநீட்டி வாங்குகிறவர் அந்தப் பெண் கவுன்சிலரா, அவர் வீட்டுக்காரரா? குறித்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு, 30 நாள் கெடு.

போவதற்கு முன் மானிடவியலாளர் அட்ரியானா பெட்ரைனாவைப் படியுங்கள். 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு உக்ரைனில் கதிர்வீச்சுப் பாதிப்பை நிரூபித்து மக்கள் அரசிடம் உதவி கேட்டதை அவர் 'உயிரியல் குடியுரிமை' என்றார். அதை அப்படியே எண்ணூரில் ஒட்டாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படிந்தபோது நிவாரணப் பட்டியலில் பேர் ஏற இங்கே நோயைக் காட்டினார்களா, படகைக் காட்டினார்களா என்று விசாரியுங்கள்.

அட்டைகளைப் போட்டோ எடுக்காதீர்கள், ஆதார் எண்ணை எழுதாதீர்கள். கட்சிக்காரர் பைக்கில் போய் இறங்கினால் அந்தத் தெருவில் உங்களுக்கு மனுக் கதை மட்டும்தான் கிடைக்கும், கட்சிக்காரரைத் திட்டுகிற வசவு கிடைக்காது. தண்ணி லாரி வருகிற நேரமாகப் பார்த்துப் போய் ரெண்டு குடம் தூக்குங்க, எல்லாரும் அங்கேதான் நிற்பாங்க.